மாமனார் கேட்ட மீன்: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆபத்தில்லாத இலவச ஸ்கிரீன் சேவர்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பகலில் அதில்தான் என் பிழைப்பு. ஆன்லைனில் விண்ணப்பம் போட, பயோடேட்டா அடிக்க, பட்டா சிட்டா எடுக்க என்று தெருவில் உள்ளவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சாயங்காலம் மகன் அதில் படிப்பான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அது என் மாமனாருடையது. பழைய பாட்டு கேட்பார். பாட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார், திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் மாங்காய் சீசன் முடிந்த சமயத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் கண்ணு, ஒரு ஆபீஸ்ல சும்மா நின்னுக்கிட்டிருந்த கம்ப்யூட்டர்ல மீன் நீந்திக்கிட்டே இருந்துச்சு. நம்ம பெட்டியில அது வருமா?" சந்தூர்ப் பக்கம் தோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சின்ன வயதில் பாரூர் ஏரிக்கரையே கதி என்று கிடந்தவர். இந்த வீட்டில் தனக்கு என்று அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் உடனே செய்துகொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் தானாக வருகிற அந்தக் காட்சிக்குப் பெயர்தான் ஸ்கிரீன் சேவர். லீவுக்கு வந்திருந்த நாத்தனார் மகன் அன்றைக்கு ராத்திரியே தேடி எடுத்தான். இலவச மீன் தொட்டி ஸ்கிரீன் சேவர் என்று போட்டுத் தேடி, முதலில் வந்த பக்கத்தைத் திறந்து, பச்சை நிற டவுன்லோட் பட்டனை அழுத்தி, கேட்ட இடத்தில் எல்லாம் "நெக்ஸ்ட்" கொடுத்தான். மீன் வந்தது. மாமாவுக்கும் சந்தோஷம். மறுநாள் காலை பிரவுசரைத் திறந்தால் முகப்புப் பக்கம் மாறியிருந்தது. பேரே கேள்விப்படாத ஏதோ ஒரு தேடல் பக்கம். திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று நிமிஷத்துக்கு ஒரு கட்டம் எழும்பியது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், பிள்ளைகளின் சாதிச் சான்று எல்லாம் வைத்திருந்தேன். எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கிரீன் சேவர் என்றால் ஏதோ ஒரு படம் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். விண்டோஸைப் பொறுத்தவரை அது ஒரு புரோகிராம். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி போட்டு எஸ்.சி.ஆர். என்று இருக்கும். உள்ளே இருப்பது எக்ஸி ஃபைலில், அதாவது சாதாரணப் புரோகிராம் ஃபைலில், இருக்கிற அதே சமாச்சாரம்தான். எக்ஸி என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் எஸ்.சி.ஆரும் செய்யும்: ஃபைலை அழிக்கலாம், இன்னொரு புரோகிராமை இறக்கலாம், நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்டைக் கவனிக்கலாம். அந்த ஃபைல் மேல் வலது கிளிக் செய்தால் "டெஸ்ட்" என்று ஒன்று வரும். சோதித்துத்தானே பார்க்கிறோம் என்று பலரும் அதை அழுத்துகிறார்கள். டெஸ்ட் என்றாலும் அந்தப் புரோகிராம் ஓடத்தான் செய்கிறது. கெட்டதாக இருந்தால் அந்த ஒரு தடவையே அதற்குப் போதும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கும். அதனால் "மீன் ஜேபிஜி எஸ்.சி.ஆர்." என்று பெயர் வைத்த ஃபைல் உங்கள் கண்ணுக்கு "மீன் ஜேபிஜி" என்று மட்டும் தெரியும். படம் என்று நினைத்துத் திறந்துவிடுவீர்கள். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, மேலே "வியூ", அதில் "ஷோ", அதில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்துவிடுங்கள். இனி முழுப் பெயரும் தெரியும். ஸ்கிரீன் சேவர் வேண்டாம் என்கிறவர்கள்கூட இந்த ஒன்றை இன்றைக்கே செய்து வைக்கலாம்.

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. இணையத்தில் எந்தெந்தச் சொல்லைத் தேடினால் ஆபத்து அதிகம் என்று ஆன்டிவைரஸ் செய்கிற மெக்காஃபீ நிறுவனம் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் முதலிடம் "ஸ்கிரீன் சேவர்ஸ்" என்ற சொல்லுக்குத்தான். மிக மோசமாக அமைந்த தேடல் பக்கத்தில் 10 தளங்களுக்கு ஏறக்குறைய 6 ஆபத்தானவையாக இருந்தன. குழந்தைகளும் பெரியவர்களும் ஆசைப்பட்டுத் தேடுகிற பொருள் இது, விலையும் கிடையாது. ஏமாற்றுகிறவன் அங்கே வந்து காத்திருக்கிறான்.

சரி, பாதுகாப்பாக என்ன வழி? வெளியே தேடும் முன் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஆறு ஸ்கிரீன் சேவர் கூடவே வருகின்றன: 3டி டெக்ஸ்ட், பிளாங்க், பபிள்ஸ், மிஸ்டிஃபை, போட்டோஸ், ரிப்பன்ஸ். எதையும் இறக்க வேண்டாம், காசும் வேண்டாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆங்கிலத்தில் ஸ்கிரீன் சேவர் என்று தட்டினால் "சேஞ்ச் ஸ்கிரீன் சேவர்" என்று வரும். அதைத் திறந்தால் சின்னப் பெட்டி ஒன்று வரும், அதற்குள் எல்லாம் இருக்கிறது. செட்டிங்ஸ் வழியாகப் போக வேண்டும் என்றால் பர்சனலைசேஷன், லாக் ஸ்கிரீன் என்று போய் கடைசி வரைக்கும் கீழே இறங்குங்கள். பபிள்ஸ் போட்டால் திறந்திருக்கிற பக்கத்தின் மேலேயே கண்ணாடிக் குமிழிகள் மிதக்கும். என் மகனுக்கு அதுதான் பிடித்தது.

ஆனால் நான் எல்லோருக்கும் சொல்வது "போட்டோஸ்" என்பதைத்தான். புரோகிராம் விண்டோஸுடையது, படம் உங்களுடையது. ஜேபிஜி படத்தை எத்தனை சேர்த்தாலும் புதிதாக ஒரு புரோகிராமும் உள்ளே வரப்போவதில்லை. மீனோ, மலையோ, பேத்தியோ, எது ஆசையோ அதைப் படமாக உள்ளே கொண்டுவாருங்கள். புரோகிராமாகக் கொண்டுவர வேண்டியதே இல்லை.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. நானே இதில் திடுக்கிட்டேன். போட்டோஸைத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டுவிட்டால் அது நேராக "பிக்சர்ஸ்" ஃபோல்டரில் போய்ப் படம் எடுக்கும். விண்டோஸ் ஸ்கேன் ஆப்பில் ஸ்கேன் செய்தவை எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்தான் போய் விழுகின்றன. முதல் நாள் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்த் திரும்பினால், யாரோ ஓர் அக்காவின் ஆதார் அட்டை திரை முழுக்க நிற்கிறது. வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இதற்கென்று தனி ஃபோல்டர் ஒன்று போடுங்கள். நான் டி டிரைவில் "தாத்தா படம்" என்று ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்கிரீன் சேவர் பெட்டியில் போட்டோஸுக்குப் பக்கத்தில் உள்ள "செட்டிங்ஸ்" பட்டனை அழுத்தி, "பிரவுஸ்" கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அதிலேயே படம் மாறும் வேகம் ஸ்லோ, மீடியம், ஃபாஸ்ட் என்று இருக்கும். "ஷஃபிள் பிக்சர்ஸ்" டிக் செய்தால் வரிசை மாறி மாறி வரும். "சேவ்" கொடுத்து வெளியே வந்து "ஓகே" கொடுங்கள்.

போனில் இருக்கிற படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேர்த்தால் சுருங்கிப்போய்விடும், பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். சார்ஜர் ஒயரிலேயே கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று கொடுத்து, டிசிஐஎம் ஃபோல்டருக்குள் இருக்கிற கேமரா ஃபோல்டரில் இருந்து எடுங்கள். ஒயர் இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலேயே "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் தரம் குறையாது. போனைப் படுக்கையாகப் பிடித்து எடுத்த படங்களாகப் பொறுக்குங்கள். நிமிர்த்தி எடுத்த படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்பு விழும். நான் எடுத்தவை: காலைப் பனியில் சையத் பாஷா மலை, ஷட்டர் திறந்திருந்த கே.ஆர்.பி. அணை, ஒகேனக்கல்லில் பரிசல், தோப்பில் செந்தூரா காய்த்துத் தொங்குகிற கிளை.

சொந்தப் படம் போதாது என்றால் விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. விக்கிபீடியாவுக்குப் படம் போகிற களஞ்சியம் அது. லாகின் கேட்காது, காசு கேட்காது, ஒவ்வொரு படத்தின் கீழும் யார் எடுத்தது, என்ன உரிமம் என்று போட்டிருக்கும். வானம், கிரகம் பிடிக்கும் என்றால் நாசாவின் படக் களஞ்சியமும் அப்படித்தான், எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. திரை 1920க்கு 1080 அளவு என்றால் படமும் அதற்குக் குறையாமல் பார்த்து எடுங்கள். இறக்கியதும் ஃபைல் பெயர் ஜேபிஜி என்றோ பிஎன்ஜி என்றோ முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இல்லை, எனக்கு அசைகிறதுதான் வேண்டும் என்பவர்களுக்கும் நல்ல இலவசப் புரோகிராம்கள் இருக்கத்தான் செய்கின்றன. தேடல் பக்கத்தில் மேலே வருகிறவன் வாசலுக்குப் போகாமல், செய்தவர் வீட்டு வாசலுக்கே நேராகப் போக வேண்டும். ஃபிலிக்லோ என்று ஒரு கடிகார ஸ்கிரீன் சேவர் உண்டு. பழைய காலத்துத் தகடு புரளும் கடிகாரம் மாதிரி, கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள். வயதானவர்களுக்கு அறையின் மறுகோடியில் இருந்தும் மணி தெரியும். அதை ஃபிலிக்லோ டாட் காம் (fliqlo.com) என்ற அவர்களுடைய தளத்திலேயே எடுக்க வேண்டும். வேறு தளங்களில் அதன் பழைய பிரதி கிடக்கும், அது ஃபிளாஷ் பிளேயர் வேண்டும் என்று கேட்கும். ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்றைக்கு எந்தப் பக்கமாவது "ஃபிளாஷ் அப்டேட் செய்யுங்கள்" என்று சொன்னால் அந்த நிமிஷமே மூடிவிடுங்கள், அது திருட்டு.

எலக்ட்ரிக் ஷீப் என்று இன்னொரு ஸ்கிரீன் சேவர், 1999-ல் ஸ்காட் டிரேவ்ஸ் என்பவர் தொடங்கியது. வண்ணக் கோலங்கள் உருகி உருகி வேறாக மாறிக்கொண்டே இருக்கும். அழகுதான், ஆனால் இணையத்தில் இருந்து தொடர்ந்து இறக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிற வீட்டுக்கு வேண்டாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற பெரிய தொகுப்பு இருக்கிறது. ஜேமி ஸவின்ஸ்கி 1992-ல் இருந்து வளர்த்துவருவது. அதை லினக்ஸின் சாஃப்ட்வேர் பட்டியலில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸுக்கு அவர் வெளியிடவில்லை. "விண்டோஸுக்கான எக்ஸ்ஸ்கிரீன்சேவர்" என்று எங்கேயாவது கண்டால் தொடாதீர்கள். ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு உள்ளேயே நல்ல நல்ல காட்சிகள் வருகின்றன, வெளியே போகவே வேண்டாம்.

வேற்றுக்கிரக சமிக்ஞை தேடுகிற செட்டி அட் ஹோம் என்ற ஸ்கிரீன் சேவரைச் சிலர் இன்னும் கேட்கிறார்கள். 1999-ல் ஆரம்பித்த அது 2020 மார்ச்சில் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அது ஓடிய போயிங்க் என்ற மென்பொருளிலேயே, நம் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக் கணக்குக்குக் கடன் கொடுக்கிற ஐன்ஸ்டைன் அட் ஹோம் போன்றவை இருக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அவை பிராசஸரை முழுசாக வேலை வாங்கும், பெட்டி சூடாகும், கரண்டும் இழுக்கும். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயிலில் வேண்டாம்.

வெளியில் இருந்து புரோகிராம் இறக்கினால் நான் தவறாமல் செய்வது இது. இறக்கிய ஃபைலைத் திறப்பதற்கு முன் வைரஸ் டோட்டல் என்ற தளத்தில் ஏற்றிப் பார்ப்பேன். 2004-ல் ஸ்பெயினில் ஆரம்பித்த சேவை, இப்போது கூகுளிடம் இருக்கிறது. பல பத்து ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் அந்த ஃபைலைச் சோதித்து முடிவு சொல்லும். பலரும் சிவப்பு காட்டினால் அழித்துவிடுங்கள். யாரோ ஒருவர் மட்டும் காட்டினால் தவறாகவும் இருக்கலாம், ஆனால் ஒரு மீனுக்காக அந்தத் துணிச்சல் எதற்கு? ஒன்று ஞாபகம் இருக்கட்டும், அங்கே ஏற்றுகிற ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்வார்கள். அதனால் ஆதார், பத்திரம் போன்ற சொந்தக் காகிதங்களை அங்கே ஏற்றவே கூடாது.

இன்ஸ்டால் செய்யும்போது "கஸ்டம்" என்று ஒரு வழி இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமாக வாசித்து, டூல்பார், முகப்புப் பக்க மாற்றம், டிரைவர் அப்டேட்டர் என்று ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற டிக்கை எடுங்கள். எங்கள் வீட்டில் புகுந்தது அந்த வழியாகத்தான். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்கிறதா, அங்கேயே நிறுத்துங்கள். "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்று நீலக் கட்டம் வந்தால் அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். தளத்தைத் திறந்ததும் "அலவ்" கொடு என்று கேட்கிறதே, அதைக் கொடுத்தால் மூலையில் விளம்பரம் குதிக்க நீங்களே கதவு திறந்துவிட்ட மாதிரி. எப்போதும் "பிளாக்".

வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் அவர்களுக்குத் தனி அக்கவுன்ட் போட்டு, அதை "ஸ்டாண்டர்ட் யூசர்" ஆக வையுங்கள். எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். இதை நான் முன்பே செய்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: முதலில் ஸ்கிரீன் சேவர் பெட்டியில் "நன்" (எதுவும் வேண்டாம்) என்று மாற்றுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய் தேதி வாரியாக அடுக்கினால் அன்றைக்கு உள்ளே வந்தவை எல்லாம் ஒன்றாக மேலே நிற்கும், அவற்றை நீக்குங்கள். எங்களுக்கு ஒரு மீனோடு மூன்று புரோகிராம் வந்திருந்தன. குரோமில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அறிமுகமில்லாத தளங்களை எல்லாம் எடுங்கள். பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் துணைப் புரோகிராம்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் பாருங்கள். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போனால் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கும். கம்ப்யூட்டர் தானே மறுபடி ஆன் ஆகி, ஏறக்குறைய 15 நிமிஷம் சோதிக்கும். பேங்க், இமெயில் பாஸ்வேர்டுகளை அதன் பிறகு மாற்றுங்கள், அதுவும் வேறு ஒரு சாதனத்தில் இருந்து. நான் என் போனில் மாற்றினேன்.

இப்போது நேரம் வைப்பது பற்றி. பழைய குண்டு மானிட்டரில் ஒரே படம் நின்றால் உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சில் தழும்பு விழும், அதைக் காக்கத்தான் ஸ்கிரீன் சேவரே வந்தது. இன்றைய எல்சிடி திரைக்கு அந்தக் கவலை இல்லை. ஓஎல்இடி திரைக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. கரண்டும் இதில் மிச்சமாகாது, படம் ஓடும்போது திரை எரிந்துகொண்டுதானே இருக்கிறது. ஆகவே "வெயிட்" என்ற இடத்தில் 5 நிமிஷம் வைத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதியில் திரை அணைய 20 நிமிஷம் வையுங்கள். இதை மாற்றி வைத்தால் ஸ்கிரீன் சேவர் வருவதற்கு முன்பே திரை அணைந்துவிடும். "வேலை செய்யவில்லை அக்கா" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் சங்கதி. அப்புறம், வெளியாட்கள் வந்துபோகிற வீடு என்றால் "ஆன் ரெஸ்யூம், டிஸ்பிளே லாகான் ஸ்கிரீன்" என்பதை டிக் செய்யுங்கள். மவுஸை அசைத்தால் பாஸ்வேர்டு கேட்கும். என் வேலைக்கு இது மிகவும் உதவுகிறது.

மாமாவுக்காகக் காமன்ஸில் முதலில் பவளப்பாறை மீன்களாக இருபது எடுத்துப் போட்டேன். மஞ்சள், நீலம், கோடு போட்டது என்று கண்ணைப் பறிக்கிற படங்கள். அவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இதுல ஒண்ணு பேரும் எனக்குத் தெரியலையே" என்றார். மறுநாள் கட்லா, ரோகு, கெண்டை, விரால், கெளுத்தி என்று ஒவ்வொன்றாகப் பெயர் போட்டுத் தேடி எடுத்தேன். அவற்றை ஒகேனக்கல் பரிசலோடும் தோப்புப் படங்களோடும் அதே ஃபோல்டரில் கலந்து வைத்தேன். இப்போது ஒவ்வொரு மீன் வரும்போதும் அது எந்த ஏரியில், எந்த மாசத்தில் கிடைக்கும் என்று பேரனுக்குச் சொல்கிறார். சொல்லி முடிப்பதற்குள் படம் மாறிவிடுகிறது என்றார், வேகத்தை மீடியத்தில் இருந்து ஸ்லோவுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.